வளர்ந்த நாய்க்கு உலர்ந்த சாப்பாடு

கோணம்பட்டிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்களிடம் உள்ள கோளாறு அது ஒன்றுதான். பஸ்ஸில் கண்டக்டர் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் கொஞ்சம் நகர்ந்து ஒரு இடத்தில் நின்றுகொள்வார்கள். கோணம்பட்டிக்காரர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். அப்படிப் போய் டிரைவரின் மடியில் உட்கார்ந்து கோவில்பட்டி வரை பயணம் செய்த பிச்சையா இன்றும் அந்த ஊரில்தான் இருக்கிறார். "அவரு நிறுத்தச் சொல்லலையே" என்பார் கேட்டால்.

இந்த நல்ல குணத்தைக் கேள்விப்பட்டுத்தான் கால்நடை டாக்டர் மெர்சி அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார். நாய்களுக்குச் சாப்பாடு தயாரிக்கிற ஒரு கம்பெனி, தன் புதுச் சரக்கில் சத்து எப்படி இருக்கிறது என்று கிராமத்து நாய்களிடம் சோதித்துப் பார்க்கச் சொல்லி அவரிடம் கொடுத்திருந்தது. சோதனை என்றால் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆட்கள் வேண்டும். சொந்த மூளையைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிற ஆள் நடுவில் புகுந்தால் எல்லாம் கெட்டுவிடும். கோணம்பட்டியில் அந்தப் பயமே வேண்டாம் என்று சுற்றுவட்டாரம் முழுவதும் டாக்டருக்கு உறுதி சொன்னது.

பெட்டிகள் ஆவுடையப்பனின் மிளகாய் வத்தல் மண்டி வாசலில் வந்து இறங்கின. ஆவுடையப்பன்தான் ஊரில் பெரிய மனிதர். ஆளையும் மூட்டையையும் சேர்த்து நிறுக்கிற மேடைத் தராசு அவரிடம் மட்டும்தான் இருந்தது.

மண்டியில் மூட்டை தூக்குகிறவர் சொரிமுத்து. மலை மாதிரி உடம்பு, வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசக் கூச்சம். அவர் பெட்டியைப் பார்த்தார். வத்தல் மூட்டை அளவு இருந்தது. தலைத்துண்டை இறுக்கிக் கட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து, முழு பலத்தோடு ஒரு தூக்குத் தூக்கினார். பெட்டி அவர் கையை விட்டுப் பறந்து, மண்டிக் கூரையில் இடித்து, பிச்சையாவின் தலையில் இறங்கியது. பிச்சையாவுக்கு வலிக்கவே இல்லை.

"காலிப் பெட்டியா இருக்கு டாக்டரம்மா" என்றார் சொரிமுத்து, ஏமாற்றத்தோடு.

"காலி இல்லைங்க. உள்ள கறி, ஈரல், அரிசி, பூசணிக்காய் எல்லாம் இருக்கு. வேக வச்சு, கல்லு மாதிரி உறைய வச்சு, அப்புறம் ஒரு மெஷின்ல போட்டு அதுல இருக்கிற தண்ணியை மட்டும் ஆவியா எடுத்துருவாங்க. சத்து அப்படியே இருக்கும். தண்ணி போனதால கனம் இருக்காது."

"ஏ யப்பா" என்றார் பிச்சையா, தலையைத் தடவிக்கொண்டே.

"கவனமா கேளுங்க" என்றார் டாக்டர். "வளர்ந்த நாய்க்கு மட்டும் கொடுங்க, குட்டிக்கு வேண்டாம். எடுத்த தண்ணியைத் திரும்பச் சேர்த்து, ஊற வச்சுக் கொடுங்க. வேற எதுவும் நாய்க்குக் கொடுக்காதீங்க. இப்ப ஒரு தடவை எடை பாருங்க. நாய் தராசுல நிக்காது. ஒரு ஆள் நாயைத் தூக்கிட்டு நின்னு பாருங்க, அப்புறம் நாயை இறக்கிட்டு ஆளை மட்டும் பாருங்க. வித்தியாசம்தான் நாயோட எடை. முடி பளபளன்னு ஆகுதான்னு பாருங்க. வெளிக்குப் போறது எப்படி இருக்குன்னு கவனிங்க. சித்திரை பிறந்ததும் நான் வந்து பாக்கிறேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். சொரிமுத்து மட்டும் காலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றார்.

"டாக்டரம்மா, சாப்பிடவே மாட்டேங்கிற நாயும் இதைச் சாப்பிடுமா?"

"சாப்பிட்டா நல்ல சரக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

சொரிமுத்து அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவர் வீட்டு நாய்க்குப் பெயர் ஜமீன். படுத்த இடத்திலிருந்து ஊரை ஆள்வதால் அந்தப் பெயர். அவருடைய மகள் முத்துக்கனி வளர்த்தது. அவள் கல்யாணமாகிச் சிவகாசிக்குப் போனதிலிருந்து ஜமீன் சாப்பாட்டைத் தொடவில்லை. ஒப்புக்கு நாலு பருக்கையை நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்தாலும் அதேதான். விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணலாம் என்கிற நிலைமைக்கு வந்துவிட்டது.

இதற்கிடையில் முத்துக்கனி உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவேண்டும். சொரிமுத்து தொட்டிலுக்குப் பச்சைப் பெயிண்டு அடித்து, காய்ந்த பிறகும் திருப்தி இல்லாமல் மறுபடியும் அடித்து வைத்திருந்தார். அந்த நேரத்தில் மகளிடமிருந்து போன் வந்தது.

"எப்பா, ஜமீனு எலும்பும் தோலுமா கிடக்குன்னு ஊரே சொல்லுது. ஒரு நாயைப் பாத்துக்கிடத் தெரியாத ஆளு பிள்ளைத்தாச்சியை எப்படிப் பாத்துக்கிடுவிய? சித்திரையில வருவேன். அது முன்ன மாதிரி இல்லைன்னா வந்த வண்டியிலயே திரும்பிருவேன். மாமியார் வீட்டுலயே பெத்துக்கிடுதேன்."

சொரிமுத்து வத்தல் மூட்டையின் மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். வத்தல் தொட்ட கை. அதன் பிறகு அவர் நினைத்தாலும் அழுகையை நிறுத்த முடியவில்லை.

அப்போதுதான் பெட்டிகள் வந்தன. கூரையைத் தொட்டுவிட்டு வந்த அந்தப் பெட்டிதான் தன் மகளையும் பேரப்பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறது என்று சொரிமுத்து நம்பினார்.

முதல் வேலை, வளர்ந்த நாய் எது என்று முடிவு செய்வது. மண்டியில் கூட்டம் கூடியது. ஆவுடையப்பன், பிச்சையா, சொரிமுத்து, அவர் மனைவி குருவம்மா, அப்புறம் நம்பிராசன். நம்பிராசன்தான் ஊரில் யோசிக்கிறவர். ஒரு விஷயத்தை அவர் யோசித்து முடித்தால் அதற்கப்புறம் யாராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

"பெரிசா இருந்தா வளர்ந்த நாய்" என்றார் பிச்சையா.

"எதை விடப் பெரிசு? கன்னுக்குட்டியும்தான் பெரிசா இருக்கு" என்றார் நம்பிராசன். "உருவத்தை வச்சுச் சொல்லக்கூடாது வே. அறிவை வச்சுச் சொல்லணும். கல்லு எடுக்கிற மாதிரி நாம குனிஞ்சா, உலகம் தெரிஞ்ச நாய் ஓடிரும். குட்டிக்கு ஒண்ணும் தெரியாது, வாலை ஆட்டிக்கிட்டு கிட்ட வரும். ஓடுனது வளர்ந்த நாய். ஓடாதது குட்டி."

"எவ்வளவு தெளிவா சொல்லிட்டீரு" என்றார் ஆவுடையப்பன்.

மறுநாள் காலையில் ஊரே தெருவில் திரண்டு, ஆவுடையப்பன் கையசைத்ததும் ஒரே நேரத்தில் குனிந்தது. கோணம்பட்டி நாய்கள் அத்தனை பேர் சேர்ந்து குனிந்து அதுவரை பார்த்ததில்லை. குளத்தங்கரை வழியாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடின. குட்டிகள் மட்டும் குனிந்தவர்களின் மூக்கை நக்கிக்கொண்டிருந்தன.

"எல்லாம் வளர்ந்த நாய்!" என்று ஊரே மகிழ்ந்தது.

மத்தியானம் நாய்கள் திரும்பி வந்தன. "தற்செயலா ஓடியிருந்தா?" என்று நம்பிராசன் கேட்டார். மறுபடியும் குனிந்தார்கள். மறுபடியும் ஓடின. சந்தேகம் முழுவதும் தீர வேண்டும் என்பதற்காகச் சாயங்காலமும் குனிந்தார்கள். அதற்கப்புறம் நாய்கள் திரும்பி வரவில்லை. பக்கத்து ஊரில் குடியேறிவிட்டதாகத் தகவல் வந்தது.

"வளர்ந்த நாய் எல்லாம் தேறிடுச்சு" என்றார் ஆவுடையப்பன் திருப்தியாக. "இனி சாப்பாடு வைக்க வேண்டியதுதான்."

"எதுக்கு வைக்க?" என்று கேட்டாள் குருவம்மா.

தெரு வெறிச்சென்று கிடந்தது. சொரிமுத்து வீட்டு வாசலில் மட்டும் ஒரு நாய் படுத்திருந்தது. மூன்று தடவை ஊர் குனிந்தபோதும் கண்ணைக்கூடத் திறக்காத ஜமீன்.

"இதுக்கு வைக்கலாமே" என்றார் சொரிமுத்து.

நம்பிராசன் சோகமாகத் தலையாட்டினார். "ஓடலையே வே. இது குட்டி."

"முத்துக்கனி பள்ளிக்கூடம் போற காலத்துல இருந்து இருக்கு. மீசையெல்லாம் நரைச்சுப் போச்சு."

"இளநரையா இருக்கும்."

"பல்லு பாதி விழுந்துருச்சே!"

"பால்பல்லு" என்றார் பிச்சையா.

சொரிமுத்து ஜமீன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரே ஒரு தடவை ஓடேன் ராசா" என்று கெஞ்சினார். ஜமீன் மறுபக்கம் திரும்பிப் படுத்தது. அப்போது குருவம்மாதான் வழி சொன்னாள்.

"நாயைத் தூக்கிக்கிட்டு நீங்க ஓடுங்க. ஓடச் சொன்னாவளே தவிர, யாரு காலால ஓடணும்னு சொல்லலையே."

ஊர் மறுபடி கூடியது. ஆவுடையப்பன் குனிந்தார். சொரிமுத்து ஜமீனை மார்போடு அணைத்துக்கொண்டு குளத்தங்கரை வரை ஒரே ஓட்டமாக ஓடினார்.

"நாய் வாசல்ல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இப்ப எங்க இருக்கு?"

"குளத்தங்கரையில."

"அப்ப ஓடியிருக்கு" என்று நம்பிராசன் தீர்ப்புச் சொன்னார். ஜமீன் வளர்ந்த நாயாயிற்று.

அடுத்து எடை. சொரிமுத்து ஜமீனைத் தூக்கிக்கொண்டு மேடைத் தராசில் ஏறி நின்றார். வத்தல் தூசியில் ஜமீன் ஒரு தும்மல் போட்டது. தும்மல் அடங்கும் வரை பொறுத்து ஆவுடையப்பன் எடையைப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப நாயை இறக்கும். ஆளை மட்டும் பாக்கணும்."

சொரிமுத்து ஜமீனை இறக்கிவிட்டார். ஜமீன் இறக்கிவிட்ட இடத்திலேயே, அவர் காலடியில், தராசின் மேலேயே சுருண்டு படுத்துக்கொண்டது. ஆவுடையப்பன் மறுபடி பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"மொதல்ல எவ்வளவோ அதேதான் இப்பவும்."

"நாய் கையில இருந்தப்போ?"

"அதே எடை."

"நாயை இறக்கின பிறகு?"

"அதே எடை."

நம்பிராசன் மெதுவாகச் சொன்னார்: "அப்ப நாய்க்கு எடையே இல்லை."

"அவ்வளவு மெலிஞ்சிருச்சா!" என்று குருவம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொரிமுத்துவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "தூக்கும்போது கனக்குதே அண்ணாச்சி?"

"அது பாசம் வே" என்றார் ஆவுடையப்பன், அவர் தோளைத் தட்டி. "பாசம்தான் கனக்கு."

இனி தாமதிக்கக் கூடாது என்று பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே பொரிபோல லேசான கட்டிகள். குருவம்மா ஒரு கட்டியைத் தட்டில் போட்டு, குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றப் போனாள்.

"நிறுத்து தாயி!" என்று நம்பிராசன் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். "டாக்டரம்மா என்ன சொன்னாவ? எடுத்த தண்ணியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னாவ. இது எந்தத் தண்ணி?"

"எங்க வீட்டு அடிபம்புத் தண்ணி."

"கறியில இருந்து எடுத்த தண்ணி உங்க வீட்டு அடிபம்புல எப்படி வந்துச்சு?"

ஆவுடையப்பன் நாடியைச் சொறிந்தார். பெட்டி பெட்டியாகத் திறந்து தேடினார்கள். எல்லாவற்றிலும் கட்டிகள் இருந்தன. தண்ணீர் ஒன்றிலும் இல்லை.

"டாக்டரம்மா தண்ணியைக் குடுக்க மறந்துட்டாவ" என்றார் பிச்சையா.

"மறக்கலை வே. ஆவியா எடுத்தாங்கன்னு சொன்னாவல்லா. ஆவி எங்க போகும்?" நம்பிராசன் கண்ணை மூடி யோசித்தார். "மேலதான் போகும். மேல போனது மழையா இறங்கும். மழை பெய்யட்டும், தண்ணி தானா வந்து சேரும்."

"பக்கத்து ஊருல பெஞ்சிட்டா?"

"கட்டியை வெளியே வச்சிருந்தா, தன் சாமானைத் தண்ணிக்கு அடையாளம் தெரியாதா?"

பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. ஜமீனின் தட்டைக் கட்டியோடு தெரு நடுவில் வைத்துவிட்டு ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. சொரிமுத்து குடையோடு வந்த ஒரு ஆளைக் கைகூப்பிக் குடையை மடக்கச் சொன்னார், தண்ணீர் தவறாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்று. ஜமீன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. தண்ணீர் இல்லாமலே ஒரு கட்டியை நீட்டிப் பார்த்தார். மோந்து பார்த்துவிட்டு வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

காத்திருக்கிற நேரத்தை வீணாக்கக் கூடாது என்று, வெளிக்குப் போவதைக் கவனிக்கும் வேலையை ஆரம்பித்தார்கள். வேலி ஓரத்தில் ஜமீனை நிறுத்தி, சுற்றிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதையே பார்த்தார்கள். ஜமீனும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. மரியாதை தெரிந்த நாய்.

"பெரியவங்க முன்னால கூச்சப்படுது" என்றாள் குருவம்மா.

"அப்ப எல்லாரும் முதுகைக் காட்டி உட்காருங்க" என்றார் ஆவுடையப்பன். திரும்பி உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது ஜமீன் வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் மேற்கே கறுத்தது. புழுதிக் காற்று ஒன்று அடித்தது. பிறகு இடி. கோடை மழை சடசடவென்று கொட்டியது.

"வந்துருச்சு! நம்ம தண்ணி வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டு பிச்சையா தெருவில் ஓடினார். அண்டா, குடம், வாளி, குழம்புச் சட்டி எல்லாம் வெளியே வந்தன. முதலில் தட்டு நிறைந்தது. அப்புறம் அண்டாக்கள். அப்புறம் தெரு. மழை நின்றபாடில்லை. மண்டிக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியதும் ஆவுடையப்பன் வாயைப் பிளந்தார்.

"இம்புட்டுத் தண்ணியையா எடுத்தாவ! பாவிப் பயலுவ, அந்தக் கறி என்ன பாடு பட்டிருக்கும்!"

"இதுல கறித் தண்ணி எது, பூசணிக்காய்த் தண்ணி எது?" என்று குருவம்மா கேட்டாள்.

"அதது வீடு அததுக்குத் தெரியும்" என்றார் நம்பிராசன்.

பிடித்து வைத்த தண்ணீரைக் குடிக்கவோ குளிக்கவோ யாரும் தொடக்கூடாது, அது பெட்டிச் சொத்து என்று ஆவுடையப்பன் கட்டளை போட்டார்.

தட்டில் கட்டி ஊறிப் பஞ்சுபோல உப்பியிருந்தது. கறி வாசனை தெருவரை வந்தது. சொரிமுத்து அதை ஜமீன் முன்னால் வைத்தார். ஜமீன் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சொரிமுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். சித்திரை பிறக்கப் போகிறது. வண்டி வாசலுக்கு வரும், திரும்பிப் போய்விடும். பச்சைத் தொட்டில் சும்மா ஆடும்.

"சத்து இருக்கா இல்லையான்னு நாய் வாயைத் திறந்து சொல்லப் போறதில்லை" என்றார் ஆவுடையப்பன். "நம்மள்ல ஒருத்தர் தின்னு பாத்துச் சொல்லணும். வளர்ந்த ஆளா இருக்கணும்."

எல்லோரும் சொரிமுத்துவைப் பார்த்தார்கள். அன்று குளத்தங்கரை வரை ஓடிக் காட்டியவர் அவர் ஒருவர்தான்.

சொன்ன சொல்லைத் தட்டக் கூடாதே. அவர் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மென்றார். முகம் மாறியது. உப்பு மட்டும் கொஞ்சம் குறைவு, மற்றபடி கல்யாண வீட்டுக் கறிச்சோறு. கவலையில் இரண்டு நாளாக அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னொரு வாய் எடுத்தார். மூன்றாவது வாய்க்குக் கை போனபோது, தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

ஜமீன் உறுமியது.

எழுந்து நின்றது. அவர் கையைத் தலையால் முட்டித் தள்ளிவிட்டு, தட்டுக்குள் முகத்தைப் புதைத்துச் சளக் சளக்கென்று தின்ன ஆரம்பித்தது. சொரிமுத்து வாயில் இருந்ததை விழுங்காமலே அழுதார். இந்தத் தடவை வத்தல் காரணமில்லை.

மறுநாள் தட்டை வைத்தபோது ஜமீன் மறுபடி முகத்தைத் திருப்பியது. சொரிமுத்து ஒரு வாய் சாப்பிட்டார். உறுமியது, தின்றது. ராத்திரியும் அப்படியே. அவர் சாப்பிட்டால் அது சாப்பிடும். அவர் நாலு வாய் சாப்பிட்டால் அது தட்டைக் காலி செய்யும்.

"வேற எதுவும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாவல்லா" என்று நம்பிராசன் நினைவுபடுத்தினார். "ரெண்டு பேருக்கும் ஒரே தட்டு. ஒருத்தருக்கு மட்டும் வேற குடுத்தா சோதனை என்னத்துக்கு ஆகும்?"

அன்றிலிருந்து குருவம்மா தன் புருஷனுக்கு உலை வைக்கவில்லை. ஊரை விட்டுப் போன நாய்களின் பங்கும் மிச்சம் இருந்ததால் சொரிமுத்துவுக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் காலையில் பிச்சையா வந்து இரண்டு பேரின் தலையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்.

"முடி பளபளப்பு எப்படி?" என்று ஆவுடையப்பன் கேட்பார்.

"ஜமீனுக்கு நல்லா இருக்கு அண்ணாச்சி. சொரிமுத்துவுக்கு முடி இல்லாத இடம்தான் பளபளன்னு இருக்கு."

சித்திரை பிறந்தது. டாக்டர் மெர்சியின் ஜீப் மண்டி வாசலில் வந்து நின்றது.

"எங்க, நாய்களைக் கொண்டு வாங்க."

ஜமீனைச் சொரிமுத்து கொண்டுவந்தார். ஜமீன் உருண்டு திரண்டு, வயிறு தரையில் உரச, வெயிலில் மின்னியது.

"அடேங்கப்பா! நல்லா வந்திருக்கே. மத்ததெல்லாம் எங்க?"

"அதெல்லாம் ரொம்ப வளர்ந்த நாய்ங்க டாக்டரம்மா. வெளியூர் போயிருச்சு" என்றார் ஆவுடையப்பன்.

டாக்டர் ஜமீனைத் தானே மூச்சுத் திணறத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினார். இறங்கி, ஜமீனைத் தரையில் விட்டுவிட்டுத் தனியாக ஏறினார். "நல்ல எடைதான். ஆரம்பத்துல எவ்வளவு இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லைங்க."

"என்ன எடைன்னு கேக்கிறேன்."

"அதைத்தான் சொல்லுதோம். எடையே இல்லை. எடை முழுக்க உங்க சாப்பாடு போட்டதுதான்."

டாக்டர் வத்தல் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துச் சிவகாசியிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. முத்துக்கனி இறங்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "எங்க ஜமீனு?" என்றாள்.

ஜமீன் குரலைக் கேட்டது. தலையைத் தூக்கியது. எழுந்தது. பிறகு, ஊர் மூன்று தடவை குனிந்தும் ஓடாத அந்த நாய், தொந்தி இடம் வலமாக ஆட, வேனைப் பார்த்து ஓடியது.

"எம் பட்டு! எம் தங்கம்!" முத்துக்கனி இறங்கி அதைக் கட்டிக்கொள்ளக் குனிய முடியாமல் சிரித்தாள். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"எப்பா, மாசம் எனக்கா உங்களுக்கா?"

சொரிமுத்து வெட்கத்தோடு வயிற்றைத் துண்டால் மூடிக்கொண்டார். "வண்டியைத் திருப்பணுமா தாயி?"

"டிரைவரண்ணே, பெட்டியை இறக்குங்க" என்றாள் முத்துக்கனி. "நான் ஒரு வாய் தின்னாத்தானே அது சாப்பிடும். இது தெரியாம இத்தனை நாளு என்ன செஞ்சிய?"

டாக்டருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "சரி, கம்பெனிக்கு நான் என்ன சொல்லட்டும்? சரக்கு எப்படி?"

ஐந்து பேரும் ஒதுங்கிப் போய்க் கூடிப் பேசினார்கள். பிறகு ஆவுடையப்பன் முன்னால் வந்தார்.

"நல்ல சரக்கு டாக்டரம்மா. சத்துக்குக் குறைவே இல்லை. ஒரே ஒரு குறைதான். பெட்டிக்குள்ள ஆள் இல்லை."

"ஆளா?"

நம்பிராசன் விளக்கினார். "நாய் சாப்பிடணும்னா மொதல்ல சொரிமுத்து சாப்பிடணும். மெட்ராஸ்ல ஒருத்தர் பெட்டி வாங்குதாருன்னு வைங்க. சொரிமுத்துவுக்கு அவரு எங்க போவாரு? ஒவ்வொரு பெட்டியிலயும் அவரை வச்சுத்தான் குடுக்கணும்."

"இவரு கனம் ஜாஸ்தி. அனுப்புறது கஷ்டம்லா" என்றார் பிச்சையா.

டாக்டர் எழுந்தார். வெயில், வத்தல் தூசி, தலைவலி. ஜீப்பில் ஏறிக்கொண்டே சொன்னார்: "அப்ப ஒண்ணு செய்யுங்க. அவரையும் உறைய வச்சு, தண்ணியை எடுத்து அனுப்பிருவோம். கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போங்க."

ஜீப் போய்விட்டது. கோணம்பட்டிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள் அல்லவா?

மறுநாள் காலையில் சொரிமுத்து குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றார். உறைய வைக்கிற இடத்தில் குளிருமே என்று குருவம்மா கம்பளிச் சட்டை, அதன் மேல் இன்னொரு கம்பளிச் சட்டை, கழுத்துக்கு மஃப்ளர், தலைக்குக் குரங்குக் குல்லா எல்லாம் மாட்டிவிட்டிருந்தாள். முத்துக்கனி வாசலில் நின்று, "பிரசவத்துக்குள்ள வந்துருங்கப்பா" என்று கையாட்டினாள். "மெலிஞ்சு வந்தா பரவாயில்லை."

பஸ் வரத் தாமதமாயிற்று. சித்திரை வெயில் ஏறியது. குல்லாவுக்குள்ளிருந்து வியர்வை வழிந்து, மஃப்ளரில் இறங்கி, கம்பளியை நனைத்து, வேட்டி நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. வழியனுப்ப வந்த நம்பிராசன் அதை உற்றுப் பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அண்ணாச்சி, இங்க பாருங்க! மெஷினுக்குப் போகும் முன்னாலயே தண்ணி வெளிய வர ஆரம்பிச்சிருச்சு!"

ஆவுடையப்பன் ஓடி வந்து பார்த்தார். "ஏ, ஆமா வே! சொரிமுத்து, அந்தக் குல்லாவை மட்டும் கழட்டிராதீரும். பஸ்ஸு மெதுவாவே வரட்டும். பாதி வேலை இங்கனயே முடிஞ்சிரும்."

சரி என்று தலையாட்டிவிட்டு, சொரிமுத்து குல்லாவை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.